வீட்டுக்கு ஒரு மூக்கு

பொறாமைப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. தங்கையின் முடி மேல் பட்டிருக்கிறேன். கல்லூரியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் நிரந்தரமாகிவிட்டவள் மேல் பட்டிருக்கிறேன். எதிர்க் கட்டடத்தில் காலை வெயில் விழும் பால்கனி மேல்கூடப் பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மூக்கின் மேல், அதுவும் கட்டின கணவரின் மூக்கின் மேல், மாதக்கணக்கில் வயிறெரிந்து கிடப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த மூக்கு அப்படி ஒன்றும் பிரமாதமான மூக்கு இல்லை. கல்யாணமாகி இரண்டு பேரும் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த நாள் முதலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரசத்தையும் சாம்பாரையும் கண்ணால் பார்த்துத்தான் பிரித்துச் சொல்வார். கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் வெந்தயக் கீரையோடு வந்து நிற்பார். வங்கியில் கணக்கு வழக்குகளைத் தணிக்கை செய்கிற வேலை அவருக்கு. கண் ஒன்று கூர்மையாக இருந்தால் அவருடைய பிழைப்பு ஓடிவிடும்.

என் மூக்கு வேறு ஜாதி. லோஹேகாவ் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் எந்த மாடியில் எந்த ஊர்க்காரர் சமைக்கிறார் என்று சொல்லிவிடுவேன். கடலை எண்ணெயில் கடுகும் சீரகமும் வெடித்தால் மராத்திக்காரர் வீட்டு ஃபோட்ணி. நல்லெண்ணெயில் வெந்தயம் சிவந்தால் நம்மவர் வீட்டுத் தாளிப்பு. பால் திரியப் போகிறது என்பது பாலுக்கே தெரியுமுன் எனக்குத் தெரியும். சமையலில் நான் உப்புப் பார்த்ததே கிடையாது. ஆவியை முகர்ந்தே இறக்கிவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வேலையும் ஒருவகையில் இதே மூக்கு, நாக்கு சம்பந்தப்பட்டதுதான். இந்த ஊரில் ஜூனியர் காலேஜ் என்று சொல்கிற இடத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உளவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் புலனுணர்வு, புலக்காட்சி என்ற பாடம் வரும். கண்ணும் காதும் மூக்கும் நாக்கும் தோலும் வெளியிலிருந்து அள்ளிக்கொண்டு வருவது புலனுணர்வு. மூளை அதை வாங்கிப் பார்த்து, தனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் தான் எதிர்பார்ப்பதையும் சேர்த்துக் கலந்து, இது இன்னது என்று முடிவு கட்டுவது புலக்காட்சி. இதை ஆங்கிலத்தில் பாதி, இந்தியில் பாதி, மராத்தியில் மிச்சமுமாகச் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டுவேன். மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாயில் ஆப்பிள் துண்டும் பச்சை உருளைக்கிழங்குத் துண்டும் மாற்றி மாற்றிப் போடுவேன். எது எது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை விழிக்கும்போது வகுப்பே சிரிக்கும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்குக்குச் சொந்தமானது என்று நான் முடிப்பேன். எத்தனையோ வருடங்கள் அதைச் சொல்லியிருக்கிறேன், அதன் அர்த்தம் தெரியாமலேயே.

ஒரு மழைக்காலத்தில் வீட்டில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. சளி, உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு. ஊரெல்லாம் வந்ததுதான், எங்களுக்கும் வந்தது, போனது. எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் காலையில் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, பாலைக் காய்ச்சி, டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். கசப்பும் சூடும் மட்டும் இருந்தன. காப்பி இல்லை. முதலில் காப்பிப்பொடிக் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டேன். ஒன்றும் இல்லை. பூண்டை நசுக்கினேன், கற்பூரத்தை எடுத்தேன், கடைசியில் குப்பைக் கூடையைக்கூடக் குனிந்து முகர்ந்தேன். உலகத்தை யாரோ துடைத்து வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி எதற்காகச் சமைக்க வேண்டும், யாருக்காக என்று வாய்விட்டே சொன்னேன்.

அவர் அப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். பெருங்காய டப்பாவை அவரிடம் நீட்டி, உங்களுக்காவது வருகிறதா என்று கேட்டேன். வாங்கினார், முகர்ந்தார். என்னைப் பார்த்தார், அணைந்த அடுப்பைப் பார்த்தார், இன்னொரு தடவை முகர்ந்தார்.

“எனக்கு வருதே. நல்லாத்தான் வருது” என்றார்.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது தப்பித்ததே என்று சாமிக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. கொத்தமல்லிக்கும் வெந்தயக் கீரைக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மூக்கை விட்டுவிட்டு, என் மூக்கைத் தேடி வந்தா பிடுங்கிக்கொண்டு போக வேண்டும்?

டாக்டர், வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது, தானாக வரலாம், மெதுவாக வரும், வராமலும் போகலாம் என்றார். பயிற்சி ஒன்று கொடுத்தார். நான்கு சிறு டப்பாக்களில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், ஏலக்காய், நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசனையை மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் நீலகிரித் தைலத்தில் ஏதோ ஜில்லென்று ஏறியதும் துள்ளிக் குதித்தேன். உடனே எனக்குள் இருந்த வாத்தியாரம்மா மண்டையில் குட்டினாள். அந்த ஜில்லிப்பு வாசனை இல்லை, தொடு உணர்ச்சி. மிளகாயின் எரிச்சல் எந்த நரம்பில் போகிறதோ அதிலேயே இதுவும் போகிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் எல்லாம் எனக்குத் தெரிந்தன. ஆனால் ரசம் என்பது வெறும் புளிப்பான காரத் தண்ணீராகவும், அல்வா வழுவழுப்பான இனிப்பாகவும் நின்றுபோயின.

அதன்பிறகு அவருக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! அத்தனை வருடம் வாசனை என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாத மனிதர், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டே உத்தரவு போட ஆரம்பித்தார். காலையில் ஃபில்டர் மூடிச் சத்தம் கேட்டால் போதும், “ஆஹா, என்ன வாசனை!” என்று அங்கிருந்தே ஒரு குரல் வரும். ரசம் நுரைக்கும்போது எழுந்து வந்து கரண்டியை வாங்கி, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து, பெருங்காயம் இன்னும் ஒரு சிட்டிகை என்பார். நானும் போட்டேன். என் சமையலறையில், என் ரசத்துக்கு, அவர் மூக்கின் உத்தரவுப்படி நான் பெருங்காயம் போட்டேன். அந்த நேரங்களில் அவருடைய முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. அந்த மூக்கு விடைத்துச் சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டை மட்டும் சட்டென்று முடித்துவிட்டுக் கை கழுவப் போவார். கிடைத்த வரத்தின் அருமை தெரிகிறதா பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் சமையலறைச் சுவரில் காஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றை ஆளைக் கூப்பிட்டு மாட்டினார். உங்கள் மூக்குத்தான் இருக்கிறதே, இது எதற்குத் தண்டம் என்று கேட்டேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் உனக்கு என்றார். தயிர் பாக்கெட்டை எடுத்தால் தேதியைப் படிக்காமல் பிரிக்கமாட்டார். தணிக்கைக்காரப் புத்தி என்று நினைத்து அதற்கும் எரிச்சல்பட்டேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. புலன் பழகிப்போவதைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். லோஹேகாவில் விமானப்படை விமானம் தலைக்கு மேல் போகும்போது ஊரிலிருந்து வந்த விருந்தாளி காதைப் பொத்துவார், நாங்களோ குரலை உயர்த்திப் பேசுகிறோம் என்பதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருப்போம் என்று உதாரணம் சொன்னேன். ஊதுபத்திக் கடைக்காரருக்குக் கடையின் மணம் தெரியாது என்றேன். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, அப்படியானால் வாசனையே இல்லாமல் போனாலும் கொஞ்ச நாளில் பழகிவிடுமா மேடம் என்று கேட்டாள். பாவம், பாடத்தை ஒழுங்காகக் கவனித்ததால் வந்த கேள்வி. பழகாது என்று நான் சொன்ன விதத்தில் அந்தப் பெண் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. கீழ்வீடு.

எங்களுக்கு நேர் கீழே திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. இரண்டு பேரும் ஐடி கம்பெனியில் வேலை. அவள் என்னை வாய்நிறைய அக்கா என்பாள். எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஆண்களும் பெண்களுமாக, ஒரு வாட்ஸாப் குழு உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், நல்ல வாழையிலை எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம்விட அதில் முக்கியமானது ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்குச் சமைத்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் போடாவிட்டால் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள். அந்தக் குழுவில் நான் ராணியாக இருந்தேன். என் கொள்ளுப் பருப்புக்கும் அரிசிம்பருப்புச் சோற்றுக்கும் வந்த இதயங்கள் வேறு யாருக்கும் வந்ததில்லை. மூக்குப் போனபிறகு படம் போடுவதை நிறுத்தினேன். அந்த இடத்தைக் கீழ்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். பார்க்கச் சகிக்காமல் குழுவின் சத்தத்தை அணைத்துப்போட்டேன், திறப்பதுகூட இல்லை.

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் பால்கனியில் போய் நிற்பார். மூச்சை இழுப்பார். “கீழ்வீட்ல இன்னைக்கு மட்டன் சுக்கா” என்பார். இன்னொரு வாரம் கருவாட்டுக் குழம்பு. இன்னொரு வாரம், ஜீரகசம்பா பிரியாணி, புதினா தூக்கலாக இருக்கிறது. அவர் சொன்னது ஒருநாள்கூடத் தப்பவில்லை. லிஃப்டில் பார்க்கும்போது, அக்கா இன்னைக்கு எங்க வீட்ல கருவாடு, நாத்தம் மேல வந்துருச்சா என்று அவளே கேட்பாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் கணவர் பால்கனியில் நின்று அடுத்த வீட்டுக்காரி குழம்பை மூச்சில் இழுக்கிறார், நான் உள்ளே நின்று அவருக்குத் துணி தேய்க்கிறேன். அவளுடைய சமையல் அவருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. என் சமையலே எனக்கு வரவில்லை. இரண்டு பேரும் எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு மணமாக இருந்தால் அங்கேயே போய்ச் சாப்பிடுங்கள் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே வந்து நான் வைத்ததைச் சாப்பிட்டார்.

பொங்கலுக்கு எல்லாக் குடும்பங்களும் கிளப் ஹவுஸில் சேர்ந்து சாப்பிட்டோம். ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவருவது வழக்கம். நான் வீம்புக்கென்று ரசம் கொண்டுபோனேன். அவர் மூன்று தடவை முகர்ந்து பார்த்து, இதுக்கு மேல ரசமே கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கீழ்வீட்டுக்காரி ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, என் காதோடு, “அக்கா, பெருங்காயம் கொஞ்சம் முன்னாடி நிக்குதோ?” என்றாள். சிரித்துக்கொண்டே அப்படியா என்றேன். வீட்டுக்கு வந்து குதித்தேன். என் இடத்தைப் பிடித்தது போதாதென்று என் ரசத்திலேயே குறை சொல்கிறாள், பொறாமை பிடித்தவள் என்றேன். நான் போய் அவளை அப்படிச் சொன்னேன்! அவர் சமாதானமாக, அவங்களுக்கு என்ன தெரியும், எனக்குச் சரியாத்தான் மணந்துச்சு என்றார். அன்றைக்கு ஒருநாள்தான் அந்த மூக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரி மேலே வந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறோம், செடிக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் அக்கா என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் அப்போது சோலாப்பூர்க் கிளையில் தணிக்கைக்குப் போயிருந்தார். ஞாயிறு காலைதான் வந்தார். குளித்துவிட்டு, போனைக் கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு, வழக்கம்போல் பால்கனிக்குப் போனார். மூச்சை இழுத்தார்.

“கீழ்வீட்ல பூண்டுக் குழம்பு. நல்லெண்ணெய் என்னமா மணக்குது!” என்றார்.

என் கையில் அவள் வீட்டுச் சாவி இருந்தது. தண்ணீர் ஊற்றத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாவியோடு இறங்கிப் போனேன். பூட்டு அப்படியே தொங்கியது. திறந்து நேரே சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேடை துடைத்துக் காய்ந்து கிடந்தது. காஸ் மூடியிருந்தது. என் மூக்குக்குத்தான் தெரியாது, கண்ணுக்குத் தெரியாதா?

முதலில் எனக்கு வந்தது சந்தேகம் இல்லை. கோபம். பாவி மனுஷனுக்கு அவள் குழம்பு மேல் எவ்வளவு ஆசை இருந்தால் அவள் ஊரிலேயே இல்லாதபோதும் அதன் மணம் வரும்! எதிர்பார்ப்பு முற்றினால் வெளியில் ஒன்றுமே இல்லாமல் மூளை தானாகவே வாசனையை உண்டாக்கிக்கொள்ளும் என்று நானே நடத்தியிருக்கிறேன். என் சமையலுக்கு அந்த மூளை ஒருநாளாவது அப்படி வேலை செய்திருக்கிறதா? அவளுடைய சமையலறையில் நின்றுகொண்டு, அவளுடைய வெறும் அடுப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் ஏதோ தோன்றிப் போனை எடுத்து, பல மாதங்களாகத் திறக்காத அந்தக் குழுவைத் திறந்தேன். ‘ஞாயிறு ஸ்பெஷல், பூண்டுக் குழம்பு’ என்று அவள் படம் போட்டிருந்தாள். மண்சட்டியும் சிவப்புச் சிமெண்டுத் தரையுமாக அது திண்டுக்கல்லில் அவள் அம்மா வீட்டுச் சமையலறை. அவர் பால்கனிக்குப் போவதற்குச் சற்று முன்னால் வந்த படம். மேலே தள்ளிக்கொண்டே போனேன். மட்டன் சுக்கா, கருவாட்டுக் குழம்பு, புதினா தூவிய ஜீரகசம்பா பிரியாணி. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் பதினொரு மணி வாக்கில்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேனா என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை ஃபில்டரைக் கழுவித் துடைத்தேன். பொடி போடவில்லை, வெந்நீர் ஊற்றவில்லை. மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் பொருத்தி, தினமும் செய்வதுபோல் மூடியை இரண்டு தட்டுத் தட்டி டங்கென்று வைத்தேன். பாலில்லாத பாத்திரத்தை அடுப்பில் நகர்த்தினேன். டம்ளரையும் டவராவையும் எடுத்து ஒன்றோடொன்று உரசினேன். ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

“ஆஹா, என்ன வாசனை!”

வெறும் ஃபில்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் பேப்பர் மேலேயே வைத்தேன். மூடியைத் திறந்து காட்டினேன். பளபளவென்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார். தணிக்கையில் பிடிபட்டவர்களின் முகத்தை அவர் எத்தனையோ பார்த்திருப்பார், அன்றைக்கு அது அவருக்கே இருந்தது.

“எப்பப் போச்சு?” என்றேன்.

“உனக்குப் போனப்பவேதான். அதே காய்ச்சல்ல.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை, அவ்வளவு கேள்வி இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“நீ அடுப்ப அணைச்சுட்டுத் தரையில உக்காந்திருந்தே. இனி எதுக்குச் சமைக்கணும்னு கேட்டே. எனக்கும் இல்லைன்னு சொன்னா நீ எந்திரிச்சிருக்கவே மாட்டே. வீட்டுக்கு ஒரு மூக்காவது வேணும்ல.”

“கீழ்வீட்டுக் குழம்ப எதுக்கு மோந்தீங்க?”

“உன்ற சமையல மட்டும் மோந்தா சந்தேகம் வந்துரும்ல. மூக்குன்னா அக்கம்பக்கமும் புடிக்கணுமில்லம்மா” என்றார்.

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. காஸ் அலாரம் எனக்கில்லை, இரண்டு பேருக்கும். தயிர் பாக்கெட்டின் தேதி, அவசர அவசரமாக முடிக்கும் சாப்பாடு, முதல் நாள் பெருங்காய டப்பாவை இரண்டு தடவை முகர்ந்தது என்று எல்லாமே என் கண் முன்னால்தான் இருந்தன. நான் கர்வம் பிடித்த ஒரு மூக்கை எதிர்பார்த்தேன், அதையே பார்த்தேன். அந்தக் கலவையைத்தான் வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறேன். பெருங்காயமோ, ஒரு குருட்டு மூக்கு சொல்ல இன்னொரு குருட்டு மூக்கு போட்டதுதான். கிளப் ஹவுஸில் அத்தனை பேர் அதைக் குடித்தார்கள், உண்மையைச் சொன்னவள் கீழ்வீட்டுக்காரி ஒருத்திதான். அவளை நான் என்னவெல்லாம் சொன்னேன்!

கோபம் இறங்கக் கொஞ்ச நாள் ஆனது. இறங்கியபிறகு வந்ததைச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கும் இல்லை! நான் இழந்ததை அவர் வைத்துக்கொண்டு அனுபவிக்கவில்லை! அவ்வளவு காலம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. நான்கு டப்பாக்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காலையும் மாலையும் முகர்ந்தோம். அவருக்கு அதுவரை பயிற்சியே கிடையாது, நடிப்புக்கே நேரம் சரியாக இருந்திருக்கிறது. நான் கிராம்பை முகர்ந்து ஒன்றுமில்லை என்பேன், அவர் முகர்ந்து ஒன்றுமில்லை என்பார், டப்பாவை மூடுவோம். ரசத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய், எப்படி இருக்கிறது பார் என்று கேட்கிற அளவுக்கு எனக்கு வெட்கம் விட்டுப்போனது. அவள் கண்ணை மூடி முகரும்போது லேசாக வயிறு எரியும். அது பரவாயில்லை, வீட்டுக்கு வெளியே எரிகிற வயிறுதானே.

கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. காப்பி எப்படி இருக்கும் என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்வோம். ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்திருப்பதில் அப்படி ஒரு நிம்மதி.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை. எலுமிச்சை முடிந்து, ஏலக்காய் முடிந்து, அவர் கிராம்பு டப்பாவைத் திறந்தார். முகர்ந்தார். வழக்கமாக உடனே என் பக்கம் தள்ளிவிடுவார். அன்றைக்குத் தள்ளவில்லை. பழைய நடிப்புக் காலத்தில் மூக்கு விடைக்கும், கண் மூடும், ஆஹா வரும். அது எதுவும் வரவில்லை. டப்பாவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. கீழுதடு மெல்லப் பிரிந்தது. கண்ணில் நீர் கட்டியது. பிறகு சட்டென்று மூடியைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணுமில்ல. இன்னைக்கும் அதே கதைதான்” என்றார்.

இல்லாத மூக்கை இருப்பதாக அவர் சொன்னபோது அத்தனை மாதம் நம்பினேன். இருக்கிற மூக்கை இல்லை என்று சொன்னபோது ஒரு நொடிகூட நம்பவில்லை.

“பொய் சொல்லாதீங்க.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சூண்டுதாம்மா. எங்கயோ தூரத்துல.”

அடிவயிற்றிலிருந்து ஏறியது. பழைய பொறாமை இல்லை, அதைவிடப் பெரியது. முன்பு நான் எரிந்தது ஒரு நடிப்பைப் பார்த்து. இது நிஜம். நான் ஒருநாள்கூடத் தவறாமல் முகர்ந்தும் எனக்கு வராதது, இப்போதுதான் தொடங்கிய இவருக்கு வந்துவிட்டது. டப்பாவைப் பிடுங்கித் திறந்து மூக்கோடு வைத்து இழுத்தேன். காற்று வந்தது. மறுபடி இழுத்தேன். காற்றுதான்.

“எப்படி இருக்கு? சொல்லுங்க” என்றேன்.

அவர் யோசித்தார். பாவம், உண்மையிலேயே யோசித்தார்.

“கிராம்பு மாதிரி இருக்கு.”

அவ்வளவுதான். ஒரு கிராம்பைக்கூடச் சொல்லத் தெரியாத மனிதருக்குப் போய்க் கொடுத்திருக்கிறதே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் எழுந்து போகப் பார்த்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். டப்பாவை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, இன்னொரு தடவை, மெதுவாக, தெரிகிறதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். நான் இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.